அம்மாவுக்குக் கனடா விசிட்டர் விசா: ஒருமுறை மறுத்த பிறகு எப்படி விண்ணப்பிப்பது

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கு 66 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, அப்பா காலமாகிவிட்டார், கொக்குவிலில் உங்களோடு ஒரே வளவில் இருக்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் அக்காவுக்கு மார்ச் மாதம் முதல் பிள்ளை பிறக்கப் போகிறது. போன வருடம் அக்காவின் கலியாணத்துக்குப் போவதற்காக ஒரு ஏஜென்சிக்காரர் மூன்று இலட்சம் ரூபா வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டார், மறுத்துவிட்டார்கள், அம்மா இல்லாமலே தாலி கட்டு நடந்தது. இப்போது இன்னொருவர் ஆறு இலட்சம் கேட்கிறார், விசா நிச்சயம் என்கிறார். பாங்கில் இன்னும் காசு போட்டுக் காட்ட வேண்டுமா, சுப்பர் விசாவுக்கு, அதாவது பெற்றோர் பிள்ளைகளிடம் நீண்ட காலம் போய் நிற்கும் விசாவுக்குப் போடுவதா, சாதாரண விசாவுக்குப் போடுவதா, ஒருதரம் மறுத்தால் இனிக் கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், கனடாவில் இருக்கும் உங்கள் தம்பியின் பெயரைப் படிவத்தில் போட வேண்டாம் என்று அந்த ஏஜென்சிக்காரர் சொன்னதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முழுக் கேள்வியிலும் கவலை தந்தது அந்த ஒரு வரிதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சுருக்கமாக. ஒருதரம் மறுத்தது தடை ஆகாது, எத்தனை தரமும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதே கடதாசிக் கட்டை அதே மாதிரி அனுப்பினால் அதே பதில்தான் வரும். பாங்கில் புதிதாகக் காசு போட வேண்டாம். இந்தப் பயணத்துக்குச் சாதாரண விசிட்டர் விசா போதும். ஆறு இலட்சம் கொடுக்க வேண்டாம். அரசுக்குக் கட்டும் காசு விண்ணப்பத்துக்கு 100 கனேடிய டொலர், கைரேகைக்கும் படத்துக்கும் 85 டொலர், எல்லாமாக 185. அதற்கு மேலே மொழிபெயர்ப்புச் செலவு, கொழும்புக்குப் போய்வரும் செலவு. அவ்வளவுதான்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், 31 வருடம் இலிகிதராக வேலை செய்தவன். ஓய்வுக்குப் பிறகு சொந்தக்காரர், அயலவர், கோயிலில் காண்கிறவர் என்று கனபேருக்கு இந்தப் படிவங்களை இருந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். சட்டத்தரணி இல்லை, காசும் வாங்குவதில்லை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

விசா அதிகாரியின் மேசையில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த அம்மா தந்த தவணை முடிந்ததும் திரும்பிப் போவாரா? கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் 179ஆம் விதியின் பி பிரிவு இதைத்தான் சொல்கிறது. உங்கள் மறுப்புக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அந்த 179(பி) அங்கே இருக்கும். அதன் கீழே கனடாவிலும் சொந்த நாட்டிலும் உள்ள குடும்பப் பிணைப்பு, பயணத்தின் நோக்கம், சொத்தும் வருமானமும் என்று காரணங்கள் வரும். திரும்பி வருவார் என்று காட்ட வேண்டியது விண்ணப்பிக்கிறவரின் பொறுப்பு. அதிகாரி சந்தேகத்தோடுதான் கட்டைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆட்கள் என்ன செய்கிறோம் என்றால், இந்தக் கேள்விக்கு ரொறன்ரோவில் இருந்து பதில் எடுக்கப் பார்க்கிறோம். மருமகனின் சம்பளச் சிட்டை, வீட்டு உறுதி, வரிக் கடிதம், ஐந்து பக்க அழைப்புக் கடிதம் எல்லாம் வரும். அவை அம்மாவை அங்கே யார் பார்ப்பார், சாப்பாடு யார் போடுவார் என்பதற்குத்தான் பதில். ஏன் திரும்பி வருவார் என்பதற்கான பதில் கொக்குவிலில் இருக்கிறது. அந்தப் பக்கம் பெரும்பாலும் ஒரு கிராம சேவகர் சான்றிதழோடு முடிந்துவிடும்.

இதை நான் படித்தது என் மாமிக்கு, அதாவது மனைவியின் தாயாருக்கு, 2016இல் போட்ட விண்ணப்பத்தில். அவருக்கு நாலு பிள்ளைகள், மூன்று பேர் கனடாவில், என் மனைவி மட்டும் இங்கே. நான் 90 பக்கத்துக்கு மேலே ஒரு கட்டு ஆயத்தம் செய்தேன். சீதன உறுதி, அறுதி உறுதி, வளவுக்கு மதிப்பீட்டு அறிக்கை, மூன்று பாங்க் புத்தகம், மச்சான்மாரின் முழு விபரமும் அதில் இருந்தது. ஆறாம் கிழமை மறுப்பு வந்தது. பிறகு மச்சான் அங்கேயிருந்து அதிகாரியின் குறிப்பை எடுப்பித்து அனுப்பினார், நாலே வரி. கைம்பெண், நாலு பிள்ளைகளில் மூவர் கனடாவில், சொந்த நாட்டில் பிணைப்புப் போதாது, அண்மையில் வைப்பிலிட்ட பணத்துக்கு மூலம் தெளிவில்லை. அதை வாசித்த பிறகு கட்டைத் திரும்பப் புரட்டினேன். மாமி பன்னிரண்டு வருடமாக எங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார், என் பிள்ளைகளை வளர்த்தவர் அவர், நாலு வீடு தள்ளி அவருடைய தங்கச்சி இருக்கிறார். இதில் ஒன்றுக்குக்கூட அந்த 90 பக்கத்தில் கடதாசி இல்லை. என் மனைவியின் பெயர் குடும்ப விபரப் படிவத்தில் ஒரு வரியாக மட்டும் இருந்தது. அடுத்த வருடம் 20 பக்கத்தோடு போட்டோம், என் மனைவி எழுதிய ஒரு கடிதத்தையும் சேர்த்து. விசா வந்தது, நாலு மாதம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

இனி உங்கள் அம்மாவுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் இருந்தே எனக்குத் தெரிவது, 88 வயது அம்மம்மா உங்கள் வீட்டில்தான் இருக்கிறார், அவரைக் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்துப் பார்ப்பது அம்மாதான். இதைவிடப் பெரிய பிணைப்பு என்ன இருக்கிறது? ஏஜென்சிக்காரர் அம்மம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அம்மம்மாவின் அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் அல்லது அம்மாவின் பத்திரத்தில் அம்மம்மாவின் பெயர் உள்ள பக்கம், வைத்தியசாலைக் கிளினிக் கொப்பி, ஒரே முகவரி என்பதற்குக் கிராம சேவகர் சான்றிதழ், இவற்றை வையுங்கள். அப்படி என்றால் பத்துக் கிழமைக்கு அவரை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறார் என்று அதிகாரி கட்டாயம் யோசிப்பார், ஆகவே அதையும் நீங்களே எழுதிவிடுங்கள்: சாவகச்சேரியில் இருக்கும் சித்தி வந்து நிற்பார் என்றீர்களே, அதை ஒரு வரியில் போட்டு, சித்தியிடம் ஒரு சின்னக் கடிதமும் வாங்குங்கள். அடுத்தது நீங்களும் உங்கள் இரண்டு பிள்ளைகளும். உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், உங்கள் வேலைக் கடிதம், அம்மா உங்களோடுதான் இருக்கிறார் என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதம். அடுத்தது ஓய்வூதியம். மாதாமாதம் பாங்கில் விழும் அந்தத் தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அது அம்மாவின் சொந்த வருமானம், இங்கே வருகிற வருமானம், உயிரோடு இருக்கும்வரை வருகிற வருமானம்.

காணி உறுதி வைக்கலாம், ஒரு பிரதியும் மொழிபெயர்ப்பும் போதும். மதிப்பீட்டாளருக்குக் காசு கொடுத்து வளவு இத்தனை கோடி என்று எழுதுவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காணியைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்கே தெரியும், அதிகாரிக்குத் தெரியாதா?

காசு விடயம். போன தரம் விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முந்தி அக்கா அனுப்பிய 25 இலட்சத்தை அம்மாவின் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். அம்மாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் ஆறு மாதமாக ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று ஏறி இறங்கிய கணக்கில் திடீரென்று 25 இலட்சம் விழுந்தால் அதைப் பார்க்கிற யாருக்கும் அது இரவல் காசு என்றுதான் படும். பாங்க் வழியாக வராமல் உண்டியலில் வந்து கையில் கிடைத்த காசு என்றால் இன்னும் சிக்கல், எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டும் இருக்காது. இந்தத் தரம் அம்மாவின் கணக்கைக் கடைசி ஆறு மாதத்துக்கு அப்படியே காட்டுங்கள். பழைய நிலையான வைப்பு இருந்தால், எப்போது போட்டது என்ற திகதியோடு பாங்கிடம் கடிதம் எடுங்கள். ரிக்கெற், அங்கே நிற்கும் செலவு எல்லாம் அக்காவும் அத்தானும் ஏற்கிறார்கள் என்றால் அதை அவர்கள் அழைப்புக் கடிதத்தில் நேராக எழுதி, தங்கள் சம்பளத்தையும் பாங்க் கணக்கையும் காட்டட்டும். பிள்ளை தாய்க்கு ரிக்கெற் எடுப்பதை யாரும் பிழையாகப் பார்க்கப் போவதில்லை. அந்த 25 இலட்சம் இன்னும் கணக்கில் கிடந்தால், அது அக்காவின் காசு என்று விளக்கக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

இப்போது தம்பி. குடும்ப விபரப் படிவத்தில் தாய் தகப்பன், பிள்ளைகள் எல்லோரையும், சகோதரங்கள் எல்லோரையும் எழுத வேண்டும், எந்த நாட்டில் இருந்தாலும். தம்பி அகதிக் கோரிக்கை வைத்து அங்கே இருப்பதால் அம்மாவும் அப்படிச் செய்வார் என்று நினைப்பார்கள், ஆகவே மறைத்துவிடுவோம் என்பது ஏஜென்சிக்காரரின் கணக்கு. ஆனால் தம்பி தன் கோரிக்கையில் அம்மாவின் பெயர், பிறந்த திகதி எல்லாம் கொடுத்திருப்பார், அக்காவின் கோப்பிலும் தம்பி இருப்பார், எல்லாம் ஒரே அரசாங்கத்தின் கையில். கனடாக் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி முக்கியமான விடயத்தைப் பிழையாகச் சொன்னாலோ மறைத்தாலோ ஐந்து வருடத்துக்குக் கனடாவுக்குள் வர முடியாது. அது சாதாரண மறுப்பு மாதிரி இல்லை, அந்த ஐந்து வருடம் அம்மா விண்ணப்பிக்கவே வழியில்லாமல் போகலாம். படிவம் நிரப்பியது நான் இல்லை, ஏஜென்சிக்காரர் என்று பிறகு சொல்வதும் எடுபடாது, கையெழுத்து அம்மாவுடையது.

போன தரம் மறுப்புக் கடிதத்தில் இந்த 40ஆம் பிரிவு இல்லை என்றால் இன்னும் வழி இருக்கிறது. அவசரப்பட்டு விண்ணப்பம் போடாமல் முதலில் போன கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஐந்து டொலர் கட்டி அந்தக் கோப்பையும் அதிகாரியின் குறிப்பையும் கேட்கலாம். அந்தச் சட்டத்தின் கீழ் இங்கேயிருந்து அம்மா கேட்க முடியாது. கனடாக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர், அல்லது அங்கே நிற்பவர்தான் கேட்கலாம், ஆகவே அம்மாவின் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தோடு அக்கா போடட்டும். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும், சிலவேளை இழுபடும். 2025 நடுப்பகுதியில் இருந்து மறுப்புக் கடிதத்தோடேயே அதிகாரியின் குறிப்பைச் சேர்த்து அனுப்பவும் தொடங்கியிருக்கிறார்கள், உங்கள் கடிதத்தின் பின்பக்கங்களையும் ஒருக்கால் பாருங்கள். ஆனால் நீங்கள் நிரப்பி அனுப்பிய படிவத்தைப் பார்க்க அந்தக் கோரிக்கை வேண்டும்.

தம்பியின் பெயர் அங்கே உண்மையிலேயே விடுபட்டிருந்தால், புதிய படிவத்தில் தம்பியைச் சேர்த்து, முந்தின விண்ணப்பத்தில் இது விடுபட்டது, இன்னாருடைய சொல்லைக் கேட்டு அதை எழுதாமல் விட்டது பிழை, இப்போது திருத்துகிறேன் என்று விளக்கக் கடிதத்தில் ஒரு பந்தி எழுத வேண்டும். இந்த ஒரு பந்திக்கு மட்டும் கனடாவில் உரிமம் உள்ள ஒருவரிடம் காசு கொடுத்து ஆலோசனை கேளுங்கள் என்பேன். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்கே சட்டத்தரணிகளுக்கும், குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற, உரிமம் கொடுக்கும் அமைப்பில் பதிந்த ஆலோசகர்களுக்கும், அப்படி வேறு சிலருக்கும் மட்டும்தான் உரிமை. பதிந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அந்தக் கல்லூரியின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உங்களிடம் ஆறு இலட்சம் கேட்கிறவரின் பெயர் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். விசா நிச்சயம் என்று சொல்கிறவரிடம் இதற்கு மேலே கேட்க ஒன்றும் இல்லை. எந்த ஆளாலும் அந்த நிச்சயத்தைத் தர முடியாது.

குடும்பப் படிவத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களுக்கு இல்லாவிட்டாலும் வாசிக்கிற வேறு யாருக்காவது உதவும். எங்கள் வீடுகளில் இறந்துபோன பிள்ளையும் காணாமல் போன பிள்ளையும் இருக்கிறார்கள். படிவத்தில் அந்தப் பெயர் வரும்போது தாய்மார் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள், நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரை விட வேண்டாம். இறந்தவர் என்றால் இறந்த திகதியும் இடமும் எழுதுங்கள். காணாமல் போனவர் என்றால் இறந்தார் என்று எழுத அந்தத் தாயை வற்புறுத்தாதீர்கள், 2009 முதல் காணவில்லை என்பதை விளக்கக் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். அதேபோல், படிவத்தில் இராணுவம், ஆயுதக் குழு, அமைப்புகளில் சேர்ந்திருந்தீர்களா என்ற கேள்விகள் வரும். விடுதலைப் புலிகள் அமைப்பு 2006 முதல் கனடாவில் தடை செய்யப்பட்டது. யாருக்காவது இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று நேராகச் சொல்ல முடியாத நிலைமை இருந்தால், பலவந்தமாகக் கொண்டுபோகப்பட்டிருந்தாலும்கூட, விண்ணப்பத்துக்கு முதலே கனடாச் சட்டத்தரணி ஒருவரிடம் கதையுங்கள்.

நோக்கம். போன தரம் அக்காவின் கலியாணத்தை மறைத்து, நயாகரா பார்க்கச் சுற்றுலா என்று எழுதியிருக்கிறார்கள். 65 வயதில், தனியாக, முதல் தரம் அவ்வளவு தூரம், மகளும் அங்கே இருக்க, சுற்றுலா என்றால் யார் நம்புவார்? இப்போது உண்மையான நோக்கம் கையில் இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு மகளுக்குப் பக்கத்தில் நிற்கிறார், பேரப்பிள்ளையைப் பார்க்கிறார். அக்காவின் வைத்தியரிடம் பேறு நாள் குறிப்பிட்ட கடிதம் ஒன்று எடுத்து வையுங்கள். எவ்வளவு காலம் என்பதும் நோக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். பேற்றுக்கு இரண்டு கிழமை முந்திப் போய், 31ஆம் நாள் துடக்குக் கழித்து, பிள்ளை கொஞ்சம் தேறும்வரை நின்று வருவது என்றால் பத்துக் கிழமை கணக்காக வரும். ஆனி மாதம் அப்பாவின் ஆட்டைத்திவசம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முதல் வந்துவிடுவார் என்பது நல்ல காரணம், அதுவும் உண்மைக் காரணம், கடிதத்தில் போடுங்கள். அவசியம் இல்லாமல் ஆறு மாதம் கேட்க வேண்டாம். ரிக்கெற்றை விசாவுக்கு முந்தி வாங்கவும் வேண்டாம்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேலே போகக் கூடாது. அதிகாரி அதை முதலில் வாசிக்கும்படி எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கவும் வேண்டாம். இப்படி இருக்கலாம்: "நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவிலில் என் இளைய மகள், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், 88 வயதுத் தாயாருடன் வசிக்கிறேன். தாயாரைப் பராமரிப்பது நான். என் மூத்த மகளுக்கு மார்ச் மாதம் முதல் குழந்தை பிறக்க உள்ளது. பத்து வாரங்கள் அவருடன் தங்கி, ஆனி மாதம் என் கணவரின் நினைவுநாளுக்கு முன் திரும்ப உள்ளேன். அந்தக் காலத்தில் என் தங்கை தாயாருடன் இருப்பார். என் மகன் கனடாவில் இருக்கிறார், அவர் அகதிக் கோரிக்கை வைத்தவர்." பிறகு போன விண்ணப்பத்தைப் பற்றிய பந்தி, பிறகு என்னென்ன கடதாசி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே எளிமையோடு எழுதுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் அக்காவின் முழுப்பெயர், பிறந்த திகதி, முகவரி, தொலைபேசி, வேலை, வதிவிட நிலை, வீட்டில் எத்தனை பேர், அம்மா எங்கே தங்குவார், யார் செலவு, எப்போது திரும்புவார், இவ்வளவும் இருக்க வேண்டும். கூடவே அக்காவின் குடியுரிமைப் பத்திரம் அல்லது நிரந்தர வதிவிட அட்டையின் பிரதி. நொத்தாரிசு முத்திரை பொதுவாகக் கேட்பதில்லை, அதற்கு அலையத் தேவையில்லை.

பழைய பாஸ்போட்டைத் தேடி எடுங்கள். அம்மா இரண்டு தரம் சிதம்பரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் போய் வந்தவர் என்றால், அந்த முத்திரைப் பக்கங்கள்தான் அவருடைய பயண வரலாறு. விசா எடுத்துப் போனார், தவணைக்குள் திரும்பி வந்தார் என்பதற்கு அதுதான் கையில் உள்ள அத்தாட்சி. பலாலியில் இருந்து சென்னைக்குப் பறந்த முத்திரை என்றாலும் அது வெளிநாட்டுப் பயணந்தான், இந்தியாதானே என்று விட்டுவிட வேண்டாம். ஆனால் இதற்காகவே இப்போது சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு சுற்று அனுப்பிவிட்டு விண்ணப்பிக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டுக் காசைக் கரைக்காதீர்கள். புதிய பாஸ்போட்டுக்குத் தவணை கொஞ்சமாக இருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், விசாவின் காலம் பாஸ்போட்டின் காலத்தைத் தாண்டாது. முந்தி வவுனியாவுக்கோ பத்தரமுல்லைக்கோ ஓட வேண்டி இருந்தது, 2025 செப்டெம்பர் முதல் யாழ் மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் இருக்கிறது.

பெயர்கள். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் கனக்கத் தலையிடி. அம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் முதலெழுத்தோடு ஒரு விதம், பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முன்னுக்கு வந்து ஒரு விதம், அக்காவின் பத்திரத்தில் தாயின் பெயர் என்ற இடத்தில் வேறு எழுத்துக்கூட்டல். வடிவாக எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். தமிழில் உள்ள பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்து முத்திரை குத்த வேண்டும். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது பாஸ்போட்டில் உள்ள எழுத்துக்கூட்டலை எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அவர் தன் விருப்பப்படி ஒன்று போட்டு, நாலாவது பெயரும் வந்துவிடும். 1995 இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் புதிய பிரதி எடுக்கலாம், அதற்கு நாள் எடுக்கும் என்பதால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

விண்ணப்பம் ஒன்லைனில்தான். அம்மாவின் பெயரில் கணக்கு, உங்கள் கைக்குக் கிடைக்கிற மின்னஞ்சல், கடவுச்சொல் உங்களிடம். ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்தால் வருகிற கடிதம் எல்லாம் அவருக்குத்தான் போகும், போன தரம் உங்களுக்கு நடந்தது அதுதான். முந்தி எந்த நாடாவது விசா மறுத்ததா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று போட்டு, எந்த நாடு, எப்போது என்று எழுதுங்கள். கைரேகை போன வருடம் கொடுத்திருந்தால் அது பத்து வருடத்துக்குச் செல்லும், இந்தத் தரம் 85 டொலரும் கொழும்புப் பயணமும் மிச்சம். கணக்கில் வரும் கடிதத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். கொடுக்காதவர்கள் என்றால் கடிதம் வந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், 14 வயது முதல் 79 வயது வரை எல்லோரும்.

சுப்பர் விசாவைப் பற்றி. அது பிள்ளையோ பேரப்பிள்ளையோ கனடாவில் இருக்கும் தாய் தகப்பன், பேரன் பேத்திமாருக்கு, அதாவது பாட்டன் பாட்டிக்கு உரியது, ஒரு தரம் போனால் ஐந்து வருடம்வரை நிற்கலாம். அழைக்கிற பிள்ளையின் வருமானம் குடும்ப அளவுக்கேற்ற குறைந்தபட்சத்தைத் தாண்ட வேண்டும், வருகிறவரையும் அந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதியைக் காசு கட்டி எடுத்துக் காட்ட வேண்டும், விலை கேட்டு வாங்கிய துண்டு செல்லாது. அங்கீகாரம் பெற்ற வைத்தியரிடம் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. சுப்பர் விசா என்றால் திரும்பி வருவாரா என்ற கேள்வி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அந்தக் கேள்வி அங்கேயும் இருக்கிறது. அக்கா பேற்று விடுமுறையில் இருக்கும் வருடத்தில் வருமானம் குறையும். பத்துக் கிழமைக்குப் போகிறவருக்கு இவ்வளவும் எதற்கு? பிறகு ஒரு காலம் அம்மா நீண்ட நாள் நிற்க விரும்பினால் அப்போது பாருங்கள், ஒருதரம் போய்த் தவணைக்குள் திரும்பி வந்த முத்திரை அந்த நேரம் உதவும்.

வேறு நாடுகளுக்கு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொல். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் என்றால் செங்கன் விசா. எந்த 180 நாளிலும் 90 நாள்தான் நிற்கலாம், கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் காப்புறுதி கட்டாயம். பிரான்ஸில் அழைக்கிறவர் தன் நகரசபையில் வரவேற்புச் சான்று எடுக்க வேண்டும், ஜேர்மனியில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுப் பொறுப்பை ஏற்று ஒப்பமிட வேண்டும், சுவிஸில் 30,000 பிராங்க் வரைக்கும் பொறுப்புப் பத்திரம் கேட்பார்கள். திரும்பி வருவாரா என்ற கேள்வி எல்லா இடமும் ஒன்றுதான்.

விசா கிடைத்த பிறகும் இரண்டு விடயம். சாதாரண விசிட்டர் விசாவுக்குக் காப்புறுதி கட்டாயம் இல்லை, ஆனால் வருகையாளருக்கு ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி இல்லை, ஒரு இரவு ஆசுப்பத்திரியில் கிடந்தால் வரும் பில்லைக் கேட்டுத் தலை சுற்றிய குடும்பங்கள் உண்டு. அம்மாவுக்குப் பிரஷரும் சீனி வருத்தமும் இருக்கிறது என்றீர்கள், அவற்றையும் உள்ளடக்கும் காப்புறுதியை அக்கா அங்கே பார்த்து எடுக்கட்டும். இருக்கிற வருத்தத்தை மறைத்து எடுத்தால் தேவைப்படும் நேரம் காசு தர மாட்டார்கள். மற்றது விமான நிலையம். விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவதும் எவ்வளவு காலம் என்பதும் ரொறன்ரோ விமான நிலையத்தில் நிற்கும் எல்லை அதிகாரியின் முடிவு, பொதுவாக ஆறு மாதம் தருவார்கள். எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அழைப்புக் கடிதமும் திரும்பும் ரிக்கெற்றும் கைப்பையில் இருக்கட்டும். மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை எது கொண்டு போனாலும் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் கூடிய பட்சம் எடுத்து வைப்பார்கள், சொல்லாமல் பிடிபட்டால் தண்டம்.

ஆகவே அனுப்புவதற்கு முதல்நாள் இரவு முழு விண்ணப்பத்தையும் அம்மாவைப் பக்கத்தில் இருத்தித் தமிழில் வாசித்துக் காட்டுங்கள், ஒவ்வொரு பதிலையும். போன தரம் தன் பெயரில் என்ன எழுதிப் போனது என்றே அம்மாவுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அது பெரிய துக்கமாக இருந்தது. அக்காவிடம் இன்றைக்கே சொல்லி அந்தக் கோப்புக் கோரிக்கையைப் போடச் சொல்லுங்கள், மார்ச் என்றால் நாள் கனக்க இல்லை. குறிப்பு வந்ததும் பெயர், இலக்கங்களை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், தம்பியைப் பற்றிய பந்தியை எப்படித் தொடங்குவது என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.